எட்டே கால் மணிக்கு எடுத்த இரத்தம்

இலேஷா
8 செப்டம்பர் 1997, திங்கட்கிழமை

மருமகள் இபிரொங்கேவுக்கு,

பேருந்து ஓட்டுநர் லாமிடியிடம் நீ கொடுத்தனுப்பிய கடிதம் 5ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை என் கைக்கு வந்தது. அதில் ‘செப்டம்பர் 3, செவ்வாய்’ என்று எழுதியிருக்கிறாய். செவ்வாய்க்கிழமை 2ஆம் தேதி. சிறிய பிழைதான், ஆயினும் இப்போது நாம் பேசவேண்டியிருக்கும் விஷயத்தில் சிறிய பிழை என்று ஒன்று கிடையாது.

பேத்தி இயாபோவுக்கு அரிவாள் செல் நோய் என்று லேகோஸ் மருத்துவமனை எழுதிக்கொடுத்திருப்பதைப் படித்தேன். நான்கு வயதுக் குழந்தையின் எலும்புக்குள் அப்படியொரு வலி இருக்கக்கூடும் என்பதை எண்ணி இரண்டு நாள் சரியாக உண்ணவில்லை. ஆனால் நீ கேட்பது வேறு. உன் கணவன் பென்ரோ மறுபடியும் சோதனைக்கு இரத்தம் கொடுக்கவேண்டும், அதை நான் அவனுக்குச் சொல்லவேண்டும் என்கிறாய்.

நம் தேவாலயத்தின் திருமணக் குழுவுக்கு 1986 முதல் நான் செயலாளர். மரபணுச் சான்றிதழ் இல்லாமல் எந்த மணமக்களையும் பலிபீடத்தின் அருகே விட்டதில்லை. இருவரும் நோயின் எஸ் எழுத்தைச் சுமக்கும் ஏ.எஸ் என்றால் திருமணம் இல்லை. பதினொரு ஜோடிகளை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உன் சான்றிதழ் ஏ.எஸ். பென்ரோவின் சான்றிதழ், எண் 417, நாள் 28 அக்டோபர் 1991, திங்கட்கிழமை, ஏ.ஏ. ஏ.ஏ தகப்பனுக்கும் ஏ.எஸ் தாய்க்கும் நோயுள்ள எஸ்.எஸ் குழந்தை பிறக்காது என்பதைத் திருமண வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டியவனே நான்தான். நீயும் அந்த வகுப்பில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாய்.

பென்ரோ ஆகஸ்ட் 30, சனிக்கிழமை வாரியிலுள்ள எண்ணெய்க் கம்பெனியிலிருந்து இங்கே வந்தான். உட்காரவில்லை. நின்றபடியே கேட்டான்.

“அப்பா, உங்க ஃபைல்ல என் தாள் இருக்கா இல்லையா?”

“இருக்கு.”

“அதுல என்ன போட்டிருக்கு?”

“ஏ.ஏ.”

“அப்போ அந்தப் பிள்ளைக்கு எஸ்.எஸ் எங்கிருந்து வந்துச்சு? லேகோஸ் மார்க்கெட்டுல வாங்குனாளா?”

நான் உன்மீது குற்றம் சாட்டவில்லை. உன்னை உன் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டது அவன் முடிவு. என் யோசனை அன்று.

இப்படிக்கு,
எசேக்கியல் ஃபடாய்ரோ
செயலாளர், திருமணக் குழு


எபூட்டே மெட்டா, லேகோஸ்
12 செப்டம்பர் 1997, வெள்ளி (காலண்டரைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்)

பாபாவுக்கு,

முழங்காலிட்டு வணங்குகிறேன். கோபத்தில் இருக்கும்போதும் மருமகள் முழங்காலிடத் தவறவில்லை என்பதையும் உங்கள் கோப்பில் குறித்துக்கொள்ளுங்கள்.

குற்றம் சாட்டவில்லை என்று எழுதிவிட்டு, மருமகளுக்கு எழுதும் கடிதத்தில் செயலாளர் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். என் அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “மருமகளா அனுப்பி வெச்சேன். கேஸ் நம்பரோட திருப்பி அனுப்பியிருக்காங்க” என்றாள். தெருவில் மிளகாய் அரைக்கும் மெஷின்காரிக்குக்கூடத் தெரிந்துவிட்டது. “உன் வீட்டுக்காரர் கப்பல்ல இருக்கார்னு சொன்னாங்களே, பிள்ளை மட்டும் எப்படி கரைக்கு வந்துச்சு?” என்று கேட்டுவிட்டுத் தக்காளியை மெஷினில் கொட்டினாள்.

இயாபோவின் அப்பாவைத் தவிர வேறு ஆணை நான் அறிந்ததில்லை. ஒருமுறைதான் எழுதுவேன், இனி எழுதமாட்டேன்.

அந்தத் தாள் என் பெயரைக் கெடுத்தது மட்டுமல்ல. இயாபோவுக்கு எட்டு மாதமானபோது இரண்டு கையும் பன்னைப் போல வீங்கியது. இலேஷா டாக்டர், “அரிவாள் செல் இருக்குமோ, சோதிக்கலாமா?” என்று கேட்டார். “இல்ல டாக்டர், அவங்க அப்பா ஏ.ஏ, சர்ச்சுல தாள் இருக்கு” என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன். மூன்று வருடத்துக்கு மேல் மலேரியா என்றும் வாதம் என்றும் சொல்லி, இருக்கிற மருந்தெல்லாம் கொடுத்தேன். கொடுக்கவேண்டிய மருந்தைக் கொடுக்கவில்லை.

இப்போது உங்களுக்குத் தெரியாத ஒன்று. நான் மறுபடியும் உண்டாகியிருக்கிறேன். ஜூலை 21 கணக்கு, ஏப்ரல் கடைசியில் பிறக்கும். பிறக்கும் முன்பே குழந்தையின் இரத்தத்தைச் சொல்லிவிடும் சோதனை இங்கே இருக்கிறது. கருப்பைக்குள் மெல்லிய குழாயை விட்டு நஞ்சுக்கொடியில் ஒரு கிள்ளு எடுப்பார்கள். நூற்றில் ஒன்றிரண்டு கரு அதனாலேயே கலைந்துவிடும். அதனால் காரணமில்லாமல் தொடமாட்டேன் என்கிறார் டாக்டர் அம்மா.

“தகப்பன் ஏ.ஏ-ன்னா இந்தச் சோதனையே தேவையில்ல. ஏ.எஸ்-ன்னா நாலுல ஒண்ணு எஸ்.எஸ். தெரியாம நான் குழாய விடமாட்டேன். எனக்குத் தாள் வேண்டாம்மா, ஆள் வேணும்.”

அக்டோபர் 7, செவ்வாய்க்கிழமை எனக்கு நாள் குறித்திருக்கிறார். அதற்கு மேல் தள்ளினால் காலம் கடந்துவிடும். 3ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் இயாபோவின் அப்பா வந்து இரத்தம் கொடுக்கவேண்டும். நான் வாரிக்கு எழுதிய மூன்று கடிதமும் பிரிக்காமல் திரும்பி வந்தன. உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் பிரிப்பார்.

இபிரொங்கே


இலேஷா
17 செப்டம்பர் 1997, புதன்கிழமை

மருமகளுக்கு,

உன் கடிதம் 15ஆம் தேதி வந்தது. இரண்டாவது கருவைப் பற்றிய செய்தியைப் படித்து இறைவனுக்கு நன்றி சொன்னேன். அடுத்த பத்தியைப் படித்துக் கலங்கினேன்.

அந்தச் சோதனை எஸ்.எஸ் என்று சொன்னால் நீ என்ன செய்வாய்? பதிலைக் கையில் வைத்துக்கொண்டு ஏழு மாதம் காத்திருக்கப்போகிறாயா, அல்லது காத்திருக்காமல் இருக்கத்தான் அந்தப் பதிலா? இன்னும் பெயரிடப்படாத உயிரை வாசலிலேயே நிறுத்தி விசாரிக்க நமக்கு யார் அதிகாரம் தந்தது? ஜோடிகளைத் திருப்பி அனுப்பினேன் என்பது உண்மை. ஆனால் அவர்கள் நடந்துதான் திரும்பிப் போனார்கள்.

பென்ரோவுக்கு நேற்று எழுதினேன். வற்புறுத்தவில்லை, உன் வேண்டுகோளைத் தெரிவித்தேன், அவ்வளவே. அவன் என்ன சொல்வான் என்பது எனக்கு இப்போதே தெரியும். ஒருவன் தன் சான்றிதழைத் தானே சந்தேகித்தால் பிறகு சான்றிதழ் எதற்கு? உரிய கட்டணம் கட்டி, பதிவேட்டில் பெயர் எழுதி, 28 அக்டோபர் அன்று காலை எட்டே கால் மணிக்கு எடுத்த இரத்தம் அது. அந்த ஆய்வகம் தவறு செய்ததாக இதுவரை நான் கேள்விப்பட்டதில்லை. தவறு லேகோஸில் நடந்திருக்கலாம் அல்லவா? குழந்தைக்கு மறுசோதனை செய்து பார்.

இயாபோ வெந்நீர் ஒத்தடத்தைத் தாங்குகிறாளா என்பதை எழுது.

எசேக்கியல் ஃபடாய்ரோ


லேகோஸ், குழந்தைகள் வார்டு
22 செப்டம்பர் 1997, திங்கள்

பாபாவுக்கு,

மறுசோதனை செய்தாயிற்று. எஸ்.எஸ். வெள்ளிக்கிழமை முதல் இங்கேதான் கிடக்கிறோம். நேற்று இயாபோ என்னைக் கூப்பிட்டு, “அம்மா, என் காலைக் கழட்டி அந்த மேசை மேல வையேன். கொஞ்ச நேரம்தான்” என்றாள். வெந்நீர் ஒத்தடத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாங்குகிறாள்.

எஸ்.எஸ் என்று வந்தால் என்ன செய்வேன் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது. நிஜமாகவே தெரியாது. இந்த வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி, “தெரிஞ்சே ரெண்டாவதைப் பெத்தேன், அவன் சிரிச்சா நான் செஞ்சது சரி, அழுதா தப்பு, ஒரு நாளைக்கு நாலு தடவை மாறுது” என்கிறாள். ஆனால் தெரியாமல் இருப்பதற்கும் தெரிந்துகொள்ள விடாமல் தடுக்கப்படுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வாசலில் நிற்பது உங்கள் கணக்கில் குழந்தை. என் கணக்கில் நான்.

இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன். அந்தத் தாளை நான் கண்ணால் பார்த்ததில்லை, அவரும் பார்த்ததில்லை. “ஆகஸ்ட்ல கம்பெனில சேரும்போது ரத்தம் எடுத்தாங்கல்ல, அந்த முடிவை அப்பா வாங்கி ஃபைல்ல வெச்சுட்டாரு” என்றுதான் கல்யாணத்துக்கு முன்பு என்னிடம் சொன்னார். நீங்களோ அக்டோபர் 28 என்கிறீர்கள், காலை எட்டே கால் என்கிறீர்கள்.

நிச்சயமான பிறகு அவர் எழுதிய கடிதங்கள் எல்லாம் என் பெட்டியில் இருக்கின்றன. அம்மாவை எடுத்துவரச் சொன்னேன். ஒன்று அக்டோபர் 27, 1991 தேதியிட்டது, கடல் நடுவே எண்ணெய் மேடையிலிருந்து. ‘நவம்பர் 20 வரைக்கும் ஹெலிகாப்டர் கிடையாது, கல்யாணத் துணிக்கு அளவு நீயே ஊகிச்சுக் கொடுத்துடு’ என்று எழுதியிருக்கிறார்.

அப்படியானால் மறுநாள் காலை எட்டே கால் மணிக்கு இலேஷாவில் கையை நீட்டியது யார், பாபா?

இபிரொங்கே


இலேஷா

மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு உடல்நலம் சரியில்லை. விரிவான பதில் தாமதமாகும்.

எ. ஃபடாய்ரோ


லேகோஸ்
26 செப்டம்பர் 1997, வெள்ளி

பாபாவுக்கு,

தேதி போடாமல் நீங்கள் எழுதி நான் பார்த்த முதல் கடிதம் இது. பதில் வந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நான் எடுத்துக்கொண்டால் போதாது. டாக்டர் அம்மாவுக்கு ஆள் வேண்டும். இன்னும் ஏழு நாள் இருக்கிறது. லாமிடி நாளைக் காலை இலேஷாவில் இருப்பான்.

இபிரொங்கே


இலேஷா
29 செப்டம்பர் 1997, திங்கட்கிழமை

அன்புள்ள இபிரொங்கே,

கையை நீட்டியது நான்.

இதை இந்த ஒரு வாக்கியத்தில் எழுத இரண்டு நாளும் ஆறு தாளும் ஆயின. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு வேறு வகையில் சொல்லத் தெரியாது.

உங்கள் திருமணம் 14 டிசம்பர் 1991, சனிக்கிழமை. ஆறு வாரத்துக்கு முன்பு, அதாவது நவம்பர் 2ஆம் தேதிக்குள், சான்றிதழ் குழுவின் கையில் இருக்கவேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியவன் நான். பென்ரோ கடலில் இருந்தான். அவனுடைய கம்பெனி, மருத்துவ அறிக்கைகளை வெளியே கொடுப்பதில்லை என்று எழுதிவிட்டது. அதை அவனிடம் சொல்லவில்லை, வாங்கிவிட்டதாகவே நினைக்கவிட்டேன். செயலாளரின் மகனுக்காக விதியைத் தளர்த்தினார்கள் என்று பேச்சு வரும். திருமணத்தைத் தள்ளிவைத்தால் பெண்ணிடம் ஏதோ குறை கண்டார்கள் என்று பேச்சு வரும். நான் அப்போது எண்ணியது இதுதான்: என் மகன், என் இரத்தம். ஆற்றில் எந்தக் கரையில் மொண்டாலும் தண்ணீர் ஒன்றுதானே. கரும்பலகையில் இரண்டு எழுத்தில் ஒன்று தகப்பனிடமிருந்தும் மற்றது தாயிடமிருந்தும் வருகிறது என்று எழுதிக் காட்டிய அதே கையை நீட்டும்போது இந்த எண்ணம் எப்படி வந்தது என்று கேட்டால், எனக்கே விளங்கவில்லை. பிறருடைய பிள்ளைகளுக்குத்தான் இரண்டு எழுத்து. என் பிள்ளைக்கு ஃபடாய்ரோ என்ற ஒரே எழுத்து என்று நினைத்திருந்தேன் போலும்.

ஆய்வகத்தில் இரத்தம் எடுத்த பெண் பெயரைக் கேட்டாள். “பென்ரோ ஃபடாய்ரோ” என்றேன். “எதுக்குங்க சோதனை?” என்றாள். “கல்யாணத்துக்கு.” என் நரைத்த தலையைப் பார்த்தாள். “மாப்பிள்ளை கொஞ்சம் லேட்டா கிளம்பியிருக்கார் போல. பரவாயில்ல தாத்தா, ஆசைக்கு ஏது வயசு” என்று சொல்லிக்கொண்டே ஊசியைக் குத்தினாள். சுவர்க் கடிகாரத்தில் எட்டே கால். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இந்த ஒரு மாதமாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

ஆகவே ஏ.ஏ என்பது என் இரத்தம். அதில் பிழை இல்லை. எஸ் எழுத்து உன் மாமியாரிடமிருந்து வந்திருக்கவேண்டும். அவளுடைய தங்கை ஒன்பது வயதில் மூட்டுவலியால் இறந்தாள். ஆண்டு 1938, மாதம் தெரியவில்லை, யாரும் குறித்துவைக்கவில்லை. உன் மாமியார் இறந்த நான்காவது மாதம் பெண் பிறந்ததும், ‘அம்மா திரும்பி வந்தாள்’ என்ற பொருளில் இயாபோ என்று பெயர் வைத்தவனும் நான்தான். எதை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள் என்று நான் பார்க்கவில்லை.

உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குச் சந்தேகம் தட்டியது. இதைத்தான் நீ மன்னிக்கமாட்டாய். ஆகஸ்ட் 30 அன்று பென்ரோ எதிரில் நின்று கேட்டபோது என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் பதினொரு ஜோடிகளின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று எண்ணினேன். அந்த ஓர் எண்ணத்துக்காக உன்னை மெஷின்காரியின் வாயில் விட்டேன்.

இதைக் கடிதத்தில் பென்ரோவுக்கு எழுதினால், மூன்றாம் தேதிக்குள் படிப்பானோ மாட்டானோ தெரியாது. நாளை காலை முதல் பேருந்தில் நானே வாரிக்குப் போகிறேன். கரையில் இல்லை என்றால் கரைக்கு வரும்வரை கம்பெனி வாசலில் உட்கார்ந்திருப்பேன். பாதை மோசம், எனக்கு எழுபத்தொரு வயது முடிந்து நான்கு மாதம் ஆகிறது. வந்து சேராவிட்டால் இந்தக் கடிதத்தையே டாக்டர் அம்மாவிடம் காட்டு. தாள் வேண்டாம் என்பார். இந்த ஒரு முறை ஏற்றுக்கொள்ளச் சொல்.

எசேக்கியல் ஃபடாய்ரோ


லேகோஸ்
8 அக்டோபர் 1997, புதன்

பாபாவுக்கு,

வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கு நீங்கள் இருவரும் வந்தபோது ஆய்வக ஜன்னலை மூடிக்கொண்டிருந்தார்கள். நான் உங்களிடம் வரவில்லை. நீங்கள் பெஞ்சில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அம்மா உங்களுக்குத் தண்ணீர் கொடுத்ததையும் பார்த்தேன். அவள் கொடுத்தது நல்லதுதான். என்னால் கொடுத்திருக்க முடியாது.

உங்கள் மகன் ஏ.எஸ்.

வந்த வழியைப் பற்றி அவர் சொன்னார். “பெனின் தாண்டுற வரைக்கும் அப்பா வாயே திறக்கல. கம்பெனி வாசல்லயும் ‘ரத்தம் கொடுக்கணும், கிளம்பு’ன்னு மட்டும்தான். பெனின் தாண்டினதும் ‘ஃபைல்ல இருக்கறது உன் ரத்தம் இல்லடா, என் ரத்தம்’னாரு. நான் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிட்டேன். அந்தாளு ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கான். ரோட்டோரம் நின்னு உன்னை நான் சொன்னதையெல்லாம் ஒவ்வொண்ணா நினைச்சுப் பார்த்தேன். முடியல. ஏறி உட்கார்ந்துட்டேன்.”

மன்னிப்புக் கேட்டார். “கேட்டாச்சு. நான் எப்போ கொடுக்கறேன்னு தேதி கேட்காதீங்க, அது உங்க அப்பா பழக்கம்” என்றேன். இயாபோவின் கட்டிலருகே தரையில்தான் படுக்கிறார். நர்ஸ் திட்டுகிறாள், எழுந்திருப்பதில்லை.

நேற்றுச் சோதனை முடிந்தது. வலித்தது. டாக்டர் அம்மா ஒரு வாரம் பாரம் தூக்கக்கூடாது, இரத்தம் பட்டால் உடனே வரவேண்டும் என்றார். ஒவ்வொரு முறை கழிப்பறைக்குப் போகும்போதும் துணியைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. முடிவு 21ஆம் தேதி.

மெஷின்காரிக்கு யார் சொல்வது? நான் சொன்னால் நம்புவாளா?

இபிரொங்கே


இலேஷா
20 அக்டோபர் 1997, திங்கட்கிழமை

அன்புள்ள இபிரொங்கே,

மெஷின்காரிக்கு என்னால் சொல்ல முடியவில்லை. என்னால் சொல்ல முடிந்த இடத்தில் சொல்லிவிட்டேன்.

நேற்று, 19ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் ஆராதனை முடிந்ததும் அனுமதி பெற்று எழுந்து நின்று, நான் செய்ததை எழுதிவைத்துப் படித்தேன். உன் பெயரை மூன்று இடத்தில் சொல்லி, மூன்று இடத்திலும் உன்மீது குற்றமில்லை என்று சொன்னேன். செயலாளர் பொறுப்பிலிருந்து விலகினேன்.

1994இல் நான் திருப்பி அனுப்பிய ஒரு பெண்ணின் தாய் எழுந்தாள். “செயலாளரே, என் பொண்ணு கண்ணுல தண்ணியோட அந்தக் கதவு வழியா போனா. இன்னிக்கு வரைக்கும் வேற கல்யாணம் வேண்டாம்ங்கறா. அவ ரத்தத்தை அவளே கொடுத்தா. அவங்க அப்பா கொடுத்திருந்தா நீங்க சேர்த்து வெச்சிருப்பீங்களா?” என்றாள். நான் தாளைப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நாளை உனக்கு முடிவு வருகிறது. அறிவுரை கூற எனக்குத் தகுதி இல்லை, ஆகவே கூறமாட்டேன். ஒன்று மட்டும்: எதைச் செய்தாலும் அவசரப்படாதே. இன்னொன்று: எஸ்.எஸ் என்றாலும் மருந்துகள் இப்போது மேம்பட்டிருக்கின்றன என்று செய்தித்தாளில் படித்தேன், கத்தரித்து இணைத்திருக்கிறேன். அறிவுரை கூறிவிட்டேன் என்று தெரிகிறது. அதை அடித்துத் திருத்தவில்லை, தாள் அழுக்காகும்.

முடிவின் உண்மை நகல் ஒன்றை லாமிடியிடம் அனுப்புவாயா? யாருக்கும் காட்டமாட்டேன். தெரியாமல் இருப்பது என்னால் முடியவில்லை.

எசேக்கியல் ஃபடாய்ரோ


லேகோஸ்
24 அக்டோபர் 1997, வெள்ளி

பாபாவுக்கு,

முழங்காலிட்டு வணங்குகிறேன்.

தேவாலயத்தில் நடந்ததை நீங்கள் எழுதும் முன்பே இலேஷாவிலிருந்து வந்த இரண்டு பேர் சொன்னார்கள். உங்கள் குரல் நடுங்கவில்லை என்றார்கள். மெஷின்காரிக்கும் எட்டிவிட்டது. “எனக்கு அப்பவே தெரியும்” என்கிறாள். தக்காளி அரைத்ததற்குக் காசு வாங்க மறுத்தாள், வற்புறுத்திக் கொடுத்தேன்.

முடிவு வந்துவிட்டது. டாக்டர் அம்மா உறையைக் கொடுத்து, “வெளியே போய், ரெண்டு பேரும் சேர்ந்து பிரிங்க” என்றார். மாமரத்தடியில் நின்று பிரித்தோம். படித்தோம். எங்கள் முடிவையும் எடுத்துவிட்டோம். என் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

நகல் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு நாள் யோசித்தேன். உங்கள் மகன், “கிழவர் தூங்கமாட்டாரு, அனுப்பிடேன்” என்றார். நான் மாட்டேன் என்றேன். பழிவாங்க அல்ல. கொஞ்சம் அதற்காகவும்தான். அந்தத் தாளில் இருப்பது உங்கள் இரத்தம் அல்ல, என் இரத்தமும் அல்ல, அவருடையதும் அல்ல. அது யாருடையதோ அவர் இன்னும் எந்தப் பதிவேட்டிலும் பெயர் எழுதவில்லை. அவரைக் கேட்காமல் இன்னொரு கோப்பில் வைக்க நான் கொடுக்கமாட்டேன். நாங்கள் பார்த்ததே அதிகம்.

ஏழு வாரம் நான் யாராலும் நம்பப்படாமல் இருந்தேன். உங்கள் நாக்கு நுனியில் இருந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன். நீங்கள் ஏப்ரல் வரை காத்திருங்கள். பிறந்த எட்டாம் நாள் பெயர் வைக்க அழைப்பு வந்தால் வாருங்கள். பெயரை நாங்களே வைத்துக்கொள்கிறோம். வராவிட்டால், ஏன் என்று கேட்டு எழுதாதீர்கள், பாபா.

இயாபோ வீட்டுக்கு வந்துவிட்டாள். நடக்கிறாள்.

இபிரொங்கே